திருப்பி அடிக்கும் ஹேண்டில்

அமெரிக்கப் பண்ணை ஏலங்களில் சிவப்பு நிற ஃபார்மால் எச் டிராக்டரை இன்றும் பார்க்கலாம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1939 முதல் 1953 வரை தயாரித்த வண்டி. பேட்டரி செத்துக் கிடந்தாலும், முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வாங்குபவரை மயக்குவதும் அந்த ஹேண்டில்தான், கையை முறிப்பதும் அதுதான்.

நம் ஊர் டிராக்டர் டீசலில் ஓடுவது. அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஃபார்மாலில் உண்டு. எஞ்சின் வேகமாக ஓடும்போது, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே தீப்பொறி விழ வேண்டும். கையால் மெதுவாகச் சுற்றும்போதும் அப்படியே முந்தி விழுந்தால், ஏறிவரும் பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளிவிடும். ஹேண்டில் எதிர்ப்பக்கம் சுழன்று அடிக்கும். பழைய கார்களிலும் இதே கதைதான்; மணிக்கட்டில் வரும் ஒருவகை எலும்பு முறிவுக்கு ‘ஷோஃபர் முறிவு’ என்றே டாக்டர்கள் பெயர் வைத்தார்கள்.

இதைத் தடுக்க, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவில் ஒரு ஸ்பிரிங் அமைப்பு இருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது அது தீப்பொறியைத் தாமதமாக்கும். ‘டக்’கென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வராத வண்டியை ஹேண்டிலால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கைப் பார்க்க, கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்விட்சை அணைத்து, நான்கு பிளக்கையும் கழற்றிவிடுங்கள். ரேடியேட்டர் பக்கமுள்ள முதல் சிலிண்டரின் துளையை விரலால் மூடிக்கொள்ளுங்கள். உள்ளே விடக் கூடாது. இன்னொருவர் மெல்லச் சுற்றட்டும். காற்று விரலைத் தள்ளும் சுற்றுதான் கம்ப்ரஷன். அதே சுற்றில், பிஸ்டன் உச்சியைக் காட்டும் புல்லியின் குறி முள்ளுக்கு நேராக வரும்போது ‘டக்’ விழ வேண்டும். முந்தி விழுந்தால், மேக்னெட்டோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்து இறுக்குங்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டோம், இனி பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மேக்னெட்டோ தன் கரண்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஸ்விட்சை அணைப்பது அதை எர்த் செய்வதுதான். அந்த ஒயர் அறுந்திருந்தால், அணைத்த பிறகும் தீப்பொறி வரும். ஓடும் எஞ்சின் ஸ்விட்சுக்கு நிற்கிறதா என்று முதலிலேயே சோதியுங்கள். கதவடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து அமுக்காதீர்கள். அடிபட்டுவிட்டால், வீங்குவதற்குள் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி, கையை அசையாமல் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறும் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்.

இனி உரிமை. தங்கள் டிராக்டரைத் தாங்களே பழுதுபார்க்கும் வசதிக்காக, புதிய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு 2023இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இந்தப் பழைய வண்டிக்கு ஸ்பேனரும் கையேடும் போதும், அது பெரிய சுதந்திரம். ஆனால் ‘இருக்கிற நிலையில்’ என்று எழுதி விற்றால், பொதுவான தர உத்தரவாதம் பெரும்பாலும் போய்விடும். பழுது வாங்கியவர் தலையில்தான். ‘டைமிங் சரியாக வைத்திருக்கிறது’ என்று விற்பவர் திட்டவட்டமாகச் சொல்லி, அதை நம்பி வாங்கியிருந்தால் நிலைமை வேறு. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் ஏற்றுள்ள யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு என்ற வணிகச் சட்டத்தின்படி அந்த வார்த்தையே உத்தரவாதம். வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம் என்பதால், ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழுது தெரிந்ததும் விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தாமதித்தால் இழப்பீடு கேட்கும் உரிமையே போய்விடலாம். சிறு தொகை என்றால் வக்கீல் இல்லாமலேயே ‘ஸ்மால் கிளெய்ம்ஸ்’ கோர்ட்டுக்குப் போகலாம். வழக்குப் போட, வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து பொதுவாக 4 ஆண்டு அவகாசம்.