கடைசி வரிசையிலிருந்து பனிமலை வரை

கிள்ளானிலிருந்து ஓர் அம்மா எங்கள் வானொலிக்கு அழைத்திருந்தார். "தமிழ்ப்பள்ளியில் என் மகன்தான் முதல் மாணவன் தம்பி. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பாடம் புரியாமல் கடைசிக்குப் போய்விட்டான்" என்றார். குரல் கம்மியது.

அவருக்கு நான் சொன்னது, பருவநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதனின் கதை. 1944-இல் பிறந்தவர். 11 வயதில் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர, தமிழில் படித்த பையன் ஆங்கிலப் பள்ளியில் முதலிடத்திலிருந்து கடைசிக்குத் தள்ளப்பட்டார். அப்போதுதான் தானே யோசித்துக் கற்கப் பழகினார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்ததும், செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்தில் வேலை. ஃபிரியான் வாயு ஏன் கசிகிறது என்று பார்க்க வேண்டும். சாதாரண வேலைதான். ஆனால் பின்னாளில் அமெரிக்காவில் அவர் ஆராய்ந்ததும் அதே வகை வாயுக்களைத்தான். அதன் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் என்று 1975-இல் கண்டறிந்தார்.

பிறகு புகையை ஆராய்ந்தார். வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். விறகடுப்பு, டீசல் கரி படிந்தால் வெயிலை உறிஞ்சி வேகமாக உருகும். இமயமலைப் பனிக்கு அதுதான் ஆபத்து என்றார். இந்தியக் கிராமங்களுக்குப் புகை குறைந்த அடுப்புகளையும் கொண்டுசென்றார்.

பனியை ஆராயும் கதவு நம் ஊரிலும் உண்டு. மலேசியா 2011-இல் அண்டார்டிக் உடன்படிக்கையில் சேர்ந்தது. அதற்கான தேசிய ஆய்வு மையம், பிரிக்பீல்ட்ஸிலிருந்து சில கிலோமீட்டரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

அம்மா, முதல் படிவ மதிப்பெண் முடிவல்ல. பையனைக் கேள்வி கேட்க விடுங்கள்.