நடை மாற்றிய மைதானம்

சேர்வராயன் மலைக்காரர்களின் நடையே தனி. மிளகுக்கொடிக்கும் காப்பிச்செடிக்கும் நடுவே ஏறி இறங்கிப் பழகியவர்கள் முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பை முன்னே சாய்த்து நடப்பார்கள். ராணுவம் முதலில் கைவைத்தது அந்த நடையில்தான். நெஞ்சை நிமிர்த்து, குதிகாலை ஊன்று, ஓர் எட்டுக்கு 30 அங்குலம், நிமிடத்துக்கு 120 எட்டு. ஓய்வுபெற்று ஏற்காட்டுப் பக்கம் திரும்பிய சிப்பாய்களிடம் பயிற்சிக் காலத்தைக் கேட்டால், துப்பாக்கியைவிடப் பரேடு மைதானத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சியும் ஒரு மலையில்தான். 1942-ல் மதுக்கரையில் தொடங்கிய ரெஜிமென்ட் மையம் 1947-ல் குன்னூரை ஒட்டிய வெலிங்டனுக்கு மாறியது. சேலத்துச் சமவெளிப் பையன்கள் அதிகாலைக் குளிரில் வெடவெடத்துப் போவார்கள். ஏற்காட்டுப் பையனுக்கு அது பழகின பனி. அவனை மிரட்டியது பாஷை. 'சாவ்தான்', 'விஸ்ராம்', 'தேஸ் சல்', 'பீச்சே முட்' என்று பயிற்சி தரும் உஸ்தாத் கத்துவார். அர்த்தம் புரிவதற்குள் பக்கத்திலிருப்பவன் திரும்பிவிடுவான். ஒருவன் தப்புக்குப் பிளாட்டூன் முழுக்க ரகடா என்ற தண்டனை. தமிழன், மலையாளி, கன்னடக்காரன், தெலுங்கன் எல்லாருக்கும் அந்த இந்தி ஒரே அளவுக்கு அந்நியம். சேர்ந்து வாங்கிய தண்டனையில்தான் சிநேகிதமும் பிறந்தது. மாலையில் வகுப்பு. இந்தியை ஆங்கில எழுத்தில் எழுதிப் படிப்பார்கள்.

துப்பாக்கி மாறியபோது டிரில்லும் மாறியது. பாயின்ட் 303 ரைஃபிளைத் தோளில் சாய்த்து வைக்க 'கந்தே சஸ்த்ர' என்ற கட்டளை இருந்தது. அடுத்து வந்த, கைப்பிடியும் மேகசினும் துருத்திக்கொண்டிருக்கும் எஸ்.எல்.ஆர். ரைஃபிள் தோளில் படியாது. அதைப் பக்கவாட்டில் உடம்போடு ஒட்டிப் பிடித்தார்கள். 'பகல் சஸ்த்ர' வந்தது. 90-களில் இன்சாஸ் ரைஃபிள் வந்தது. எந்தத் துப்பாக்கியோடு பயிற்சி எடுத்தார் என்பதை வைத்தே ஒருவர் எந்தக் காலத்து ஆள் என்று சொல்லிவிடலாம்.

இன்றைய ஏற்காட்டுப் பையன் சிப்பாய் ஆகும் முன்பே பாதி டிரில் தெரிந்தவன். என்.சி.சி., கைபேசிக் காணொளி, சேலத்துப் பயிற்சி மையம் என்று கற்க வழிகள் பல. ராணுவத்தில் சேர முதலில் கணினித் தேர்வு. தேறினால்தான் முகாமில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம். உள்ளே போனால் பயிற்சி வாரங்கள் முன்னைவிடக் குறைவு. பயிற்சி முடிவில் உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடு மட்டும் அப்படியே இருக்கிறது. கொடியின் முன் அதே உறுதிமொழி, அதே 'வீர மதராசி, அடி கொல்லு!' முழக்கம்.

அந்த உறுதிமொழிக்குப் பின்னால் இருந்த காலம்தான் சுருங்கிவிட்டது. பழையவர்கள் குறைந்தது 15 ஆண்டு உழைத்து ஓய்வூதியத்தோடு மலையேறினார்கள். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் பணி நான்கு ஆண்டு. அதன்பின் நூற்றுக்கு அதிகபட்சம் 25 பேர் தங்கலாம். மற்றவர்களுக்குச் சேவா நிதி சுமார் 11.71 லட்சம் ரூபாய், ஓய்வூதியம் இல்லை. நடை திருந்தவே மாதங்கள் பிடிக்கும், ரெஜிமென்ட் ரத்தத்தில் ஊற வருஷங்கள் வேண்டும் என்பதைப் பழையவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். அவர்கள் கவலை எனக்கு நியாயமாகவே படுகிறது. 2022 கடைசியில் பயிற்சிக்குப் போன முதல் அணியின் நான்கு ஆண்டு இப்போது முடியும் கட்டத்துக்கு வருகிறது. இருபதைத் தாண்டிய வயதில் மலைக்குத் திரும்பப்போகும் பையன்களுக்கு இங்கே காத்திருப்பது காப்பித் தோட்டக் கூலியும் சுற்றுலா வண்டி ஓட்டும் வேலையும்தான். இவர்களுக்குத் துணை ராணுவப் படைகளில் 10 சதவீத இடஒதுக்கீடு என்று 2022-ல் அறிவித்தது மத்திய அரசு. அதற்கான விண்ணப்பப் படிவம் இந்த மலைக் கிராமங்களுக்கு வந்து சேரவேண்டும். நிரப்பச் சொல்லித்தரவும் ஆள் வேண்டும். ஓய்வுபெற்ற ஹவில்தார்கள் இங்கேயே இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள்.