ஹிரோஷிமா தந்த மணி

பீ-நெஃப் மெற்றோவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ளது எமது நகரின் தாவரவியற் பூங்கா. அதற்குள்ளே இருக்கும் யப்பானியத் தோட்டத்தில் ஒரு சமாதான மணி உண்டு. மொன்றியலும் ஹிரோஷிமாவும் 1998 இல் சகோதர நகரங்களானதை நினைவுகூர்ந்து ஹிரோஷிமா தந்த மணி அது.

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. அங்கே அந்த நேரமென்றால் இங்கே முதல்நாள் மாலை 7.15. அதனால்தான் மொன்றியலில் ஆகஸ்ட் 5 மாலை இந்த மணியை ஒலிக்கிறார்கள். நேரம் பார்த்து ஊருக்குத் தொலைபேசி எடுக்கும் எங்களுக்கு இக்கணக்கு விளங்கும்.

சகோதர நகரம் என்பது அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தம் அல்ல. இரண்டு ஊர்ச் சனங்களின் உறவு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் சிதைந்த இங்கிலாந்தின் கொவென்றி நகரம், தன்னைப் போலவே அழிந்த சோவியத் நகரமான ஸ்ராலின்கிராட்டுடன் 1944 இல் இவ்வுறவைத் தொடங்கியது. கொவென்றியின் 830 பெண்கள் தம் பெயர்களை ஒரு மேசைவிரிப்பில் தைத்து, ஆளுக்கு ஆறு பென்ஸ் காசும் சேர்த்து அனுப்பினார்கள். காசு பெரிதல்ல. ஆனால் அந்த விரிப்பு இன்றும் அங்கே நூதனசாலையில் பேணப்படுகிறது.

எமது ஊர்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. 2016 இல் இலண்டனின் கிங்ஸ்ரன் நகரம் யாழ்ப்பாணத்துடன் இணைந்தது. 2017 இல் ரொறன்ரோவுக்கு அருகிலுள்ள மார்க்கம் நகரம் முல்லைத்தீவுடன் நட்புறவு உடன்படிக்கை செய்தது. ஆனால் கையெழுத்து மட்டும் உறவாகிவிடாது. போய்வரவும், எழுதவும், கொடுக்கல் வாங்கல் செய்யவும் ஆட்கள் வேண்டும்.

ஹிரோஷிமாவிடம் நாம் படிக்க வேண்டியது ஒன்றுண்டு. அழிந்த ஊர் என்று அது மற்றவரிடம் இரக்கம் கேட்டு நிற்கவில்லை. தன் கதையை ஒரு மணியாக்கிப் பரிசாகக் கொடுத்தது. நாமோ, வேலைத்தலத்தில் 'எந்த இடம்?' என்று கேட்டால் நாட்டின் பெயரோடு நிறுத்திவிடுகிறோம். ஊரின் பெயரையும் சொல்வோம். அங்கே என்ன விளைந்தது, யார் வாழ்ந்தார்கள் என்று சொல்வோம். எம்மோடு வேலை செய்யும் கெயிற்றிக்காரரின் ஊரையும் கேட்டறிவோம்.

வரும் ஆகஸ்ட் 5 மாலை வேலை இல்லாதவர்கள் பிள்ளைகளோடு அந்தத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். தூரத்து ஊர் ஒன்றை இன்னொரு நகரம் எப்படி நினைத்துக்கொள்கிறது என்பதைப் பிள்ளைகள் அங்கே தாமே கண்டுகொள்வார்கள்.