சப் மீனுக்கு ஒரு ரொட்டி போதும்

ஜனவரியில் இங்கிலாந்தின் ஆற்றங்கரைகளில் தூண்டில்காரர்கள் குறைவு. கரைப்புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். கம்பின் வளையங்களில் ஈரம் பட்டு ஐஸ் கட்டுவதால் நரம்பு சரியாக ஓடாது. மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். இத்தனைக்கும் நடுவில் கிளம்பிப் போகிற சிலரின் பையில் விலையுயர்ந்த இரை எதுவும் இருக்காது. கடையில் வாங்கிய வெள்ளை ரொட்டி ஒன்றுதான் இருக்கும். அவர்கள் தேடுவது சப் என்ற மீனை.

கெண்டை, ரோகு, கட்லா எல்லாவற்றுக்கும் உறவு மீன் இது. உருண்டு திரண்ட உடம்பு, பித்தளை நிறச் செதில்கள், ஒவ்வொரு செதிலுக்கும் கறுப்பு விளிம்பு, தடித்த வெள்ளை உதடு. வாய் பெரிது. தாடையில் பல் கிடையாது என்றாலும் தொண்டைக்குள் இருக்கும் பற்கள் கிரேஃபிஷின் ஓட்டையே நொறுக்கிவிடும். பூச்சி, புழு, நத்தை, சின்ன மீன், கரைச் செடிகளிலிருந்து விழும் பழம் என்று எதையும் விட்டுவைக்காது.

மீனின் உடல்சூடு ஆற்றுநீரோடு சேர்ந்து ஏறி இறங்கும். நீர் குளிரக் குளிர அதன் செரிமானம் மந்தமாகும், பசியும் குறையும். பார்பெல் போன்ற மீன்கள் கடுங்குளிரில் ஏறக்குறைய இரையையே மறந்துவிடுகின்றன. சப் அப்படியில்லை. நீர் 4, 5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினாலும் அது வாய் திறக்கும். ஆனால் இரையைத் துரத்திப் போகாது. மூக்குக்கு முன்னால் வந்தால்தான் உண்டு. ஒரு வாரமாக ஒரே சீராக இருக்கும் குளிரை அது தாங்கிக்கொள்ளும். ஒரே இரவில் சூடு சரிந்தாலோ, பனி உருகிய தண்ணீர் ஆற்றில் கலந்தாலோ அசையாது.

ரொட்டி இங்கேதான் கைகொடுக்கிறது. கலங்கி வடிந்துகொண்டிருக்கும் பச்சைநிற நீரில் வெள்ளைத் துண்டு தூரத்திலிருந்தே தெரியும். பழைய ரொட்டி இதற்கு உதவாது. புதிதாக, பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். ஒரு ஸ்லைஸின் நடுவிலிருந்து தபால்தலை அளவுக்குப் பிய்த்து, முள்ளின் தண்டைச் சுற்றி மடித்து, தண்டின் மேல் மட்டும் கட்டைவிரலால் அழுத்துவார்கள். ஓரங்களைத் தொடமாட்டார்கள். அழுத்திய இடம் முள்ளைப் பிடித்துக்கொள்ளும். தொடாத ஓரம் தண்ணீரில் ஊறி, பூவாய் விரிந்து, துகள் துகளாக உதிரும். முள்நுனி வெளியே தெரிய வேண்டும். முழுத் துண்டையும் உருட்டிவிட்டால் கல்லாகிவிடும். கொத்துகிற மீனின் வாயில் முள் ஏறாது.

மிச்ச ரொட்டியும் வீணாவதில்லை. ஓரத்தை வெட்டிவிட்டு மிக்ஸியில் பொடித்தால் உதிரியான தூள் கிடைக்கும். காய்ந்த ரொட்டியை ஊறவைத்துப் பிழிந்தால் கூழாகும். இந்தக் கூழை ஒரு கைப்பிடி எறிந்தால் அது மேகமாகக் கரைந்து நீரோட்டத்தோடு போய் மீனைக் கிளப்பும். வயிற்றை நிரப்பாமல் ஆசையை மட்டும் கிளப்ப வேண்டும் என்பதால் அளவு முக்கியம்.

இரை எளிது. இடம் கண்டுபிடிப்பதில்தான் வித்தை இருக்கிறது. தண்ணீரில் சாய்ந்த வில்லோ மரத்தடி, கிளைகளில் குப்பை சிக்கித் தெப்பம்போல் மிதக்கும் இடம், வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசிப் போகும் கோடு: இவைதான் சப்பின் குளிர்கால வீடுகள். அனுபவசாலிகள் காலையிலேயே ஐந்தாறு இடங்களில் கூழைத் தூவிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வருவார்கள். ஓரிடத்தில் பொதுவாக அரைமணி நேரத்துக்கு மேல் தங்குவதில்லை. கரையில் காலடி அதிர்ந்தாலும், ஆள் நிழல் நீரில் விழுந்தாலும் மீன் ஒதுங்கிவிடும். அதனால் குனிந்து, மெல்ல நடந்து, நீர் போகும் திசைக்கு எதிராகவே வருவார்கள்.

கம்பின் நுனி ஊசிபோல் மெல்லியது, வெள்ளையோ ஆரஞ்சோ பூசியிருக்கும். முதலில் அது லேசாகத் துடிக்கும். மீன் ரொட்டியின் ஓரத்தைச் சுரண்டிப் பார்க்கும் நேரம் அது. அவசரப்பட்டு இழுத்தால் வெறும் முள்தான் திரும்பி வரும். பிறகு நுனி நிதானமாக வளைந்து அப்படியே நிற்கும். அப்போதுதான் கம்பைத் தூக்க வேண்டும். மாட்டிக்கொண்ட சப் முதலில் ஓடுவது தன் வேர் மறைவுக்கே. 5 பவுண்டு தாங்கும் நரம்பாவது வேண்டும் என்பது இந்த முதல் ஓட்டத்துக்காகத்தான்.

முன்பெல்லாம் தூண்டிலில் எடைக்கு ஈயக்குண்டுகளைக் கட்டுவார்கள். உதிர்ந்து கிடந்த குண்டுகளை விழுங்கி அன்னங்கள் இறந்ததால், 1987 முதல் தூண்டிலுக்கான சிறிய ஈயக்குண்டுகளுக்கு பிரிட்டனில் தடை வந்தது. இன்று டங்ஸ்டன் போன்ற உலோகங்கள் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன.

சப் பிடிக்கும் பழக்கம் புதிதல்ல. ஐசக் வால்டன் 1653-இல் வெளியிட்ட ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ நூலில் இந்த மீனைப் பிடிப்பதும் சமைப்பதும் விரிவாக வருகின்றன. முள் நிறைந்தது என்று பலர் ஒதுக்கிய மீனைப் பிடித்த அன்றே பக்குவமாகச் சமைத்தால் நன்றாக இருக்கும் என்று அவர் வாதாடுகிறார். குளிர்காலத்துக்கென்று சீஸ் பிசைந்த இரையையும் சொல்கிறார். லண்டனுக்கு வடக்கே அவர் நடந்த லீ ஆற்றில் இன்றும் சப் பிடிக்கிறார்கள். டோர்செட் ஸ்டவர், கிரேட் ஊஸ் ஆறுகளும் இதற்குப் பேர்போனவை.

சமையல் மட்டும் மாறிவிட்டது. இப்போது கிட்டத்தட்ட எல்லோரும் மீனை ஈரமான விரிப்பில் வைத்து முள்ளை எடுத்து, எடை பார்த்து, ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். 13 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் கட்டாயம். பல இடங்களில் கரை உரிமையாளரிடம் நாள் சீட்டும் வாங்க வேண்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மீன்கள் முட்டையிடும் காலம் என்பதால் இங்கிலாந்து ஆறுகளில் இந்த வகை மீன்பிடிப்பு நிறுத்தப்படும். அதற்கு முந்தைய சில வாரங்களில் பெண் சப்கள் சினையோடு கனத்திருக்கும். பெரிய மீனுக்கு ஆசைப்படுகிறவர்கள் விடுப்பு எடுப்பது அந்த வாரங்களில்தான்.