1,500 மீட்டர்... 7 நிமிடம்... உங்கள் இதயமும் நுரையீரலும் தயாரா? நீங்களே அளந்து பார்ப்பது எப்படி?

விளாத்திகுளம் பக்கம் போலீஸ் வேலைக்குத் தயாராகும் இளைஞர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எழுத்துத் தேர்வைக் கூட சமாளித்துவிடலாம், அந்த 1,500 மீட்டர் ஓட்டம்தான் வயிற்றைக் கலக்குகிறது என்பார்கள்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். இதில் தவறினால் அடுத்த கட்டம் கிடையாது.

ஆனால், தயாரில்லாத உடம்போடு ஓடினால் போவது வேலை மட்டுமல்ல. 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் தேர்வு நடந்தது. ஒரு மணி நேரத்தில் 10 கி.மீ. ஓட வேண்டும். அந்தத் தேர்வில் கலந்துகொண்ட 10-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது.

அப்படியென்றால், நம் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? இருக்கிறது.

எதை அளக்கிறார்கள்?

ஓடும்போது நுரையீரல் காற்றில் இருந்து ஆக்சிஜனை எடுக்கிறது. ரத்தம் அதைச் சுமக்கிறது. இதயம் பம்ப் செய்து கால் தசைகளுக்கு அனுப்புகிறது. தசை அதைப் பயன்படுத்தி சக்தியை உருவாக்குகிறது. இந்தச் சங்கிலி முழு வேகத்தில் வேலை செய்யும்போது, ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது? இதுதான் 'வி.ஓ.2 மேக்ஸ்'. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லி என்று கணக்கிடுவார்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது சுமார் 3.5 மில்லி. பயிற்சி இல்லாத இளைஞர்களுக்கு உச்சத்தில் 35 முதல் 45 வரை போகும். உலகத் தரத்து நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு 70-ஐத் தாண்டும்.

மூச்சு வாங்கினால் நுரையீரலில்தான் கோளாறு என்று பலரும் நினைக்கிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு பெரும்பாலும் தடையாக இருப்பது நுரையீரல் இல்லை. இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ரத்தத்தை அனுப்ப முடியும் என்பதுதான் எல்லை.

7 நிமிடம் என்ன சொல்கிறது?

1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட, மணிக்கு கிட்டத்தட்ட 13 கி.மீ. வேகம் வேண்டும். 400 மீட்டர் டிராக்கில் ஒரு சுற்று 1 நிமிடம் 52 விநாடி. ஊர்ப் பள்ளி மைதானத்தில் 200 மீட்டர் சுற்று என்றால் 56 விநாடி.

ஓட்டத்துக்கான வழக்கமான சூத்திரத்தில் போட்டால், இந்த வேகத்துக்கு கிலோவுக்கு சுமார் 46 மில்லி ஆக்சிஜன் தேவை. பயிற்சி இல்லாதவர் முதல் நாளே நுரை தள்ளுவது இதனால்தான்.

மிகத் துல்லியமான வழி எது?

ஆய்வகப் பரிசோதனைதான். முகமூடி மாட்டி டிரெட்மில்லில் ஓட விடுவார்கள், அல்லது நிலையான சைக்கிளை மிதிக்கச் சொல்வார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுவார்கள். 8 முதல் 12 நிமிடத்தில் ஆள் களைத்து நிறுத்துவார். உள்ளே போன ஆக்சிஜன், வெளியே வந்த கார்பன் டை ஆக்சைடு, இதயத் துடிப்பு எல்லாம் பதிவாகும். பெரிய மருத்துவமனைகளிலும் விளையாட்டு அறிவியல் மையங்களிலும் இந்த வசதி உண்டு. ஆனால், எல்லோருக்கும் இது தேவையில்லை.

செலவே இல்லாத 12 நிமிட டெஸ்ட்

அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-ல் வெளியிட்ட முறை இது. 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மூச்சு முட்டினால் நடக்கலாம்.

கணக்கு: ஓடிய தூரத்தில் (மீட்டரில்) 504.9-ஐக் கழித்து, 44.73-ஆல் வகுக்க வேண்டும். 2,000 மீட்டர் ஓடியவருக்கு சுமார் 33. 2,400 மீட்டர் ஓடியவருக்கு சுமார் 42.

20 முதல் 29 வயது ஆண்கள் 2,400 மீட்டரைத் தாண்டினால் நல்ல நிலை, 1,600-க்கும் கீழே என்றால் மோசம். அதே வயதுப் பெண்களுக்கு 2,200-க்கு மேல் நல்லது, 1,500-க்கும் கீழே என்றால் மோசம்.

காவலர் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 12 நிமிடத்தில் 2,400 மீட்டர் வந்துவிட்டால், 7 நிமிட இலக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மழைக்குப் பின் காலில் ஒட்டும் கரிசல் தரையில் ஓடிய நேரத்தையும், காய்ந்த டிராக்கில் ஓடிய நேரத்தையும் ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடம், ஒரே நேரம்தான் சரி.

ஓட முடியாதவர்கள் என்ன செய்வது?

படி ஏறலாம். சுமார் 41 செ.மீ. உயரமுள்ள படி அல்லது அசையாத பெஞ்ச் போதும். 3 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். ஆண்கள் நிமிடத்துக்கு 24 முறை, பெண்கள் 22 முறை. முடித்ததும் நின்றபடியே, 5-வது விநாடியில் இருந்து 20-வது விநாடி வரை நாடித்துடிப்பை எண்ணி, அதை 4-ஆல் பெருக்குங்கள்.

ஆண்கள் அந்த எண்ணை 0.42-ஆல் பெருக்கி, 111.33-ல் இருந்து கழிக்க வேண்டும். பெண்கள் 0.1847-ஆல் பெருக்கி, 65.81-ல் இருந்து கழிக்க வேண்டும். துடிப்பு 150 வந்த ஆணுக்கு சுமார் 48, துடிப்பு 160 வந்த பெண்ணுக்கு சுமார் 36. கல்லூரி வயதினரை வைத்து உருவான கணக்கு என்பதால், வயதானவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

நடுத்தர வயதுக்காரர்களுக்கு நடையே போதும். 1.6 கி.மீ. தூரத்தை முடிந்த வேகத்தில் நடந்து, நேரத்தையும் நாடித்துடிப்பையும் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அதே பாதையில் நேரம் குறைந்து துடிப்பும் குறைந்திருந்தால், இதயம் தேறியிருக்கிறது. ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண் ஒரு மதிப்பீடுதான். ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்க மட்டும் அது உதவும்.

மூச்சை அடக்கினால் போதுமா?

கொரோனா காலத்தில் 'மூச்சை இத்தனை விநாடி அடக்கினால் நுரையீரல் சூப்பர்' என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் சுற்றியது நினைவிருக்கும். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள் ஒரே மூச்சில் சுமார் ஒரு நிமிடம் கடலடியில் இருந்து சிப்பி அள்ளியவர்கள். அது பழக்கத்தால் வரும் தனித் திறமை. உடம்பில் ஏறும் கார்பன் டை ஆக்சைடைத் தாங்கிக்கொள்ளும் பழக்கம். தொடர்ந்து ஓடும்போது இதயம் ஆக்சிஜனை எவ்வளவு வேகமாகக் கொண்டு சேர்க்கிறது என்பதை அது காட்டாது. குழாயில் ஊதும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையும் நுரையீரலை மட்டும்தான் பார்க்கிறது.

பெண்கள் கவனிக்க வேண்டியது

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 5-வது தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது குறைந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் ஓட்டம் ஏறாது. 'எனக்கு ஸ்டாமினா இல்லை' என்று ஒதுங்குவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

யார் டாக்டரைப் பார்க்காமல் ஓடக் கூடாது?

* நடக்கும்போதோ ஓடும்போதோ நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு வந்தவர்கள்
* குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தால்
* சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள்
* 40 வயதைத் தாண்டி, பல வருடம் உடற்பயிற்சியே செய்யாதவர்கள்
* காய்ச்சலில் இருந்து இப்போதுதான் எழுந்தவர்கள்

நேரமும் முக்கியம். வெயில் ஏறிய பிறகு ஓடினால், உடம்பைக் குளிர்விக்கவும் இதயம் ரத்தம் அனுப்ப வேண்டும். அதற்கு இரட்டை வேலை. ஓட்டத்தை விடியற்காலையில் முடித்துவிடுங்கள். ஊக்க மருந்து, 'எனர்ஜி' ஊசி என்று யார் கொடுத்தாலும் வேண்டாம்.

ஏற்ற முடியுமா?

முடியும். இந்தத் தெம்பு பிறவியிலேயே முடிவான விஷயம் இல்லை. சில மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் 15 முதல் 20 சதவீதம் வரை கூடலாம். வாரத்தில் 4 நாள், பெரும்பாலும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். ஒரு நாள் மட்டும் வேகமான சுற்றுகள், நடுவில் நடை. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஷூ வாங்கினால் நடக்காது.

போலீஸ் தேர்வுக்குப் போகாதவர்களுக்கும் இந்த எண் தேவை. ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு போல இதையும் டாக்டர்கள் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2016-லேயே சொல்லிவிட்டது. இந்தத் தெம்பு குறைவாக உள்ளவர்களுக்கு இதய நோய், அகால மரண ஆபத்து அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியதே காரணம்.

இன்று மாலை மாடிப்படியிலோ தெரு முனை வரையிலோ வேகமாக ஏறி, நடந்து பாருங்கள். நின்ற உடனே நாடியை எண்ணுங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். துடிப்பு 12-க்கும் குறைவாகவே இறங்கியிருந்தால், மைதானத்துக்குப் போகும் முன் டாக்டரிடம் போய் வருவது நல்லது.