பிறர் இடத்தில் காயம்: இழப்பீடு கேட்கலாமா?

தருவைகுளத்தில் ஐஸ் வாங்கப் போன இடத்தில் உடைந்த படியில் கால் தவறி எலும்பு முறிந்தால், 'அல்லாஹ்வின் நாட்டம்' என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். விதியை நம்புவது ஈமான். உரிமையைக் கேட்பது அதற்கு முரணல்ல. பொதுவழியில் அனுமதியின்றிக் குழி தோண்டி, அதில் ஒருவர் விழுந்தால் தோண்டியவரே பொறுப்பு என்கிறது ஃபிக்ஹு.

நாட்டுச் சட்டமும் அலட்சியத்துக்கு ஈடு கேட்கிறது. 1997இல் டெல்லி உபஹார் திரையரங்கத் தீவிபத்தில் 59 பேர் இறந்தனர். காயமடைந்தோருக்குத் தலா 1 லட்சம் ரூபாய் இழப்பீட்டை 2011இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது.

அலட்சியத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும். இடத்தைப் படம் எடுங்கள். சாட்சிகளின் பெயர், மருத்துவ ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். சிவில் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம். வசதியற்றோர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். மன்னிப்பது சிறப்புதான், கேட்டால் உண்மைச் செலவையே கேட்போம்.