கண் அமுக்கமும் மனநோய்க் குளிசையும்

கண் கிளினிக்குப் போய்வரும் பெரியவர்கள் சிலர் எங்களிடம் ஒரு விஷயம் கேட்டார்கள். மனநோய்க்குக் கொடுக்கிற ஒரு குளிசை கண் அமுக்கத்தையும் குறைக்குமாமே, வீட்டில் மகனுக்கு அதுதானே தருகிறார்கள், நாமும் ஒன்று போட்டால் என்ன என்று. இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மையும் இருப்பதால்தான் எழுத வேண்டியதாயிற்று.

கண்ணுக்குள் ஒரு நீர் எந்நேரமும் ஊறி, வடிந்துகொண்டிருக்கும். கண்ணீர் வேறு, இது வேறு. பீலித் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க, கீழே கான் அடைத்துப் போனால் என்னாகும்? கண்ணிலும் அதே கதைதான். அமுக்கம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். இதைத்தான் குளோக்கோமா என்கிறார்கள். பெரும்பாலும் நோவே இராது. முதலில் ஓரப் பார்வை போகும். போனது திரும்பி வராது.

கிளினிக்கில் தரும் டிமோலோல் துளி, நீர் ஊறுவதைக் குறைக்கும். லட்டானோபுரோஸ்ட் துளி, வடிவதைக் கூட்டும். அந்த மனநோய்க் குளிசையின் பெயர் ஹலோபெரிடோல். நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படும் டோபமின் என்ற இரசாயனத்தை மறிப்பது அதன் வேலை. 1980களில் அதைத் துளியாக்கி முயல்களின் கண்ணில் விட்டுப் பார்த்தார்கள், அமுக்கம் குறைந்தது. ஆனால் குளோக்கோமாவுக்கான மருந்தாக அது வழக்கத்துக்கு வரவில்லை.

குளிசையாக விழுங்கினால் கை நடுக்கமும் உடம்பு விறைப்பும் வரலாம். கூடையோடு மலையேறுகிறவருக்கு அது விளையாட்டா? இன்னொன்று, சிலருக்கு நீர் வடியும் இடம் ஒடுக்கமாக இருக்கும். மனநோய்க் குளிசைகள் சில அவர்களுக்கு அமுக்கத்தை ஏற்றியே விடும். மகனுக்குரிய குளிசை குறைந்தால் அவர் நோயும் திரும்பக் கூடும்.

திடீரென்று கண் சிவந்து, கடும் தலைவலியோடு வாந்தியும் வந்தால் பித்தம் என்று இருந்துவிடாதீர்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைட்டும் டோபமினை மறிப்பதுதான். வாந்தி நின்றாலும் கண் அமுக்கம் இறங்கியதென்று நினைக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இழுப்பு உள்ளவர்கள் டிமோலோல் வாங்குமுன் டாக்டரிடம் சொல்லுங்கள்; இழுப்பைக் கூட்டிவிடும். துளி விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் விரலால் அமர்த்திப் பிடியுங்கள். கிளினிக் நாளில் பேர் போகுதேயென்று துளியை நிறுத்தாதீர்கள். திகதியை முன்கூட்டியே எங்களிடம் சொன்னால், துரையிடம் பேசிப் பார்க்கிறோம்.